பதினாலாம் அறைச் சீட்டு

தாராவி
9 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி ஹரிக்கு,

அக்கா எழுதுகிறேன். நெருளில் நீயும் ஷாலினியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் உன் அத்தானும் இருக்கிறோம். போனில் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். ரத்த மாதிரிப் பெட்டிகளை ஏற்றிவரும் வண்டி ஓட்டும் ஜெயினுலாப்தீன் பாய் தினமும் செம்பூருக்கு உங்கள் ஆபீஸுக்குத்தானே வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. கையால் எழுது. உனக்கு 'அ' போடச் சொல்லிக்கொடுத்தவள் நான், தமிழ் மறந்துவிட்டது என்று என்னிடம் கதை விடாதே.

உங்கள் நிறுவனம் அச்சடித்த மடிப்பேடு வந்து சேர்ந்தது. வழவழவென்று காகிதம், முதல் பக்கத்தில் உன் படம், பக்கத்தில் 'ஆராய்ச்சியிலிருந்து சிகிச்சைக்கு: தாராவி நீரிழிவுத் திட்டம்' என்று தலைப்பு. உள்ளே பெரிய எழுத்தில் 'சிகிச்சையோடு இணைக்கப்பட்டோர்: 412 பேரில் 412 பேர்'. அதைப் படித்ததும் மடிப்பேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் டீ டம்ளரை வைத்துவிட்டேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரிக்காதே.

மூன்று வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி ரத்தம் எடுத்தவள் நான். டிசம்பரோடு திட்டம் முடிந்தது, நீங்கள் கொடுத்துவந்த இலவச மருந்தும் நின்றது. இனிமேல் நகராட்சி ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஆளுக்கொரு சீட்டு கொடுக்கச் சொன்னாய். 'பதினாலாம் அறை, செவ்வாய், வெள்ளி, காலை ஒன்பது முதல் பதினொன்று வரை.' முதல் தடவை போகும்போது அங்கே சீட்டின் பின்னால் முத்திரை குத்தி, கீழ்ப்பாதியைக் கிழித்து உங்களுக்கு அனுப்புவார்கள். சீட்டை ஒருவர் கையில் கொடுத்ததும் என் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'இணைக்கப்பட்டார்: ஆம்' என்று குறி போட வேண்டும். போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு குறியும் என் கையால் போட்டதுதான்.

இப்போது நடந்ததைக் கேள். எங்கள் சந்தில் ஜீன்ஸுக்குப் பாக்கெட் தைக்கும் ஜுவைரியாவை உனக்குத் தெரியும், ஜமாலின் மனைவி, இரண்டு வேளையும் இன்சுலின் போடுகிறவள். செவ்வாய்க்கிழமை தையலை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறாள். முதலில் எல்லாரும் நிற்கும் பொது வரிசையில் நின்றாள். ஜன்னலில் இருந்தவர் சீட்டைப் பார்த்ததும், நீ பிராஜெக்ட் பேஷன்ட், பதினாலுக்குப் போ என்று அனுப்பிவிட்டார். பதினாலில் இருந்தவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இஸ்பே ஸ்டாம்ப் நஹி பைட்தா. நயா லேகே ஆவ்" என்று கையில் திணித்துவிட்டார். முத்திரை ஒட்டவில்லை, கிழிக்கவும் வரவில்லை, புதுசு கொண்டு வா என்று அர்த்தம். அவள் சீட்டுக்கு லேமினேஷன் போட்டிருந்தாள்.

அவள் மட்டுமில்லை. நம் ஜனங்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? வருடத்துக்கு நான்கு தடவை வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. ரேஷன் கார்டோ ஆதாரோ பள்ளிக்கூட சர்டிபிகேட்டோ, முத்திரை வைத்த காகிதம் எது வந்தாலும் மறுநாளே வெயிலுமுத்து அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடைக்குப் போய் பிளாஸ்டிக்குக்குள் அடைத்துவிடுவார்கள். இதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்: சீட்டைக் கொடுக்கும்போது, "நனஞ்சிராம லேமினேஷன் போட்டு வச்சிக்கிடுங்க" என்று சொன்னது நானேதான்.

ஜுவைரியாவிடம் இந்த மாதம் முடிய இன்சுலின் இருக்கிறது. அதற்குள் புதுச் சீட்டு அச்சடித்து அனுப்பு. உன் கையெழுத்து இருந்தால் போதுமாம்.

உன் அக்கா,
கலை

நெருள்
14 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

பொங்கல் வாழ்த்துகள். ஷாலினி குக்கரில்தான் பொங்கல் வைத்தாள், ஆனால் பொங்கும்போது நான் கத்தினேன். உன் கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன், யாருக்கோ ஏதோ என்று. இதை எழுத இரண்டு பக்கம் கிழித்தாயிற்று. கையே வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படி. இணைப்பு என்றால் எங்கள் திட்டத்தில் ஓர் அர்த்தம் இருக்கிறது: நோயாளி கையில் சீட்டு சேர்வது. அப்படித்தான் ஆரம்பத்திலேயே எழுதி அனுமதி வாங்கியிருக்கிறோம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குள் நடப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. நீ நினைப்பது போல 412 என்பது பொய் இல்லை அக்கா. நீ கொடுத்தாய், அவர்கள் வாங்கினார்கள்.

புதுச் சீட்டு இப்போது முடியாது. ஒவ்வொரு சீட்டுக்கும் எண் உண்டு. அந்த எண்கள் எல்லாம் நிதி கொடுக்கும் இடத்துக்குப் போய்விட்டன. மறுபடி அச்சடித்தால், முதலில் கொடுத்தது செல்லவில்லை என்று நாமே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். மார்ச் 31 இறுதி அறிக்கைக்குக் கடைசி நாள். ஏப்ரல் முதல் வாரம் எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன். அதுவரை லேமினேஷனை உரித்துப் பார்க்கச் சொல். ஹேர் டிரையர் சூட்டில் உரியும் என்று ஷாலினி சொல்கிறாள்.

பாயிடம் ஒரு படிவம் கொடுத்திருக்கிறேன். 412 பேரும் இணைக்கப்பட்டார்கள் என்பதற்குக் கள மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும். கடைசிப் பக்கத்தில் போட்டு அனுப்பிவிடு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஹரி

தாராவி
21 ஜனவரி 2025

அன்புள்ள ஹரிக்கு,

உன் பொங்கல் வாழ்த்து கிடைத்தது. உன் ஹேர் டிரையர் யோசனையும் கிடைத்தது.

பியூட்டி பார்லர் முத்துமாரியிடம் மெஷினை வாங்கிப் போய் ஜுவைரியா வீட்டில் உட்கார்ந்து உரித்தோம். பிளாஸ்டிக் நன்றாகவே உரிந்து வந்தது. அதோடு மையும் வந்துவிட்டது. பதினாலாம் அறை பிளாஸ்டிக்கில் இருக்கிறது, கையில் வெள்ளைக் காகிதம் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த முத்துமாரி, "டாக்டரே சொன்னாரா? வெளங்கும்" என்றாள். எனக்கு மானமே போயிற்று.

பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டு நான்கு நாள் மறுபடி வீடு வீடாக நடந்தேன். கூலி இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. 271 பேர் லேமினேஷன் போட்டிருக்கிறார்கள். மீதிப் பேரில் பாதிக்கு மேல் வேலையை விட்டுச் செவ்வாய், வெள்ளி போக முடியாதவர்கள். போய், முத்திரை வாங்கி, மருந்தும் வாங்கியவர்கள் முப்பத்தெட்டுப் பேர். உன் மடிப்பேட்டில் போட வேண்டிய எண் அதுதான்.

வெள்ளிக்கிழமை நானே பதினாலாம் அறைக்குப் போனேன். அங்கே டாக்டர் இருப்பார், மருந்து இருக்கும் என்று நீ நினைத்திருந்தால் தெரிந்துகொள், ஒன்றும் இல்லை. ஒரு மேஜை, ஒரு முத்திரை, மை உலர்ந்த ஒரு பெட்டி, ஒரு மனிதர். அவர் ஆஸ்பத்திரி ஆளே இல்லை, நீங்கள் வைத்த ஆள். கிழித்த பாதிகளை எண்ணி உங்களுக்கு அனுப்பத்தான் உட்கார்ந்திருக்கிறார். முத்திரை விழுந்தவர்களைத்தான் டாக்டரிடம் விடுவாராம். பத்தே முக்காலுக்கே மேஜையில் வடாபாவைப் பிரித்துவிட்டார், சட்னி எண்ணெய் பதிவேட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் பதினேழு பேர். எல்லார் கையிலும் பளபளவென்று லேமினேஷன் சீட்டு. ஒரு கிழவர் அதை வேட்டி முனையால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார், சுத்தமாக இருந்தால் முத்திரை விழும் என்று. எனக்கு வந்த அருவருப்பை எங்கே கொண்டுபோய்த் துப்புவது? அந்தச் சீட்டைக் கொடுத்தவள் நான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உன் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அக்கா,
கலை

செம்பூர்
29 ஜனவரி 2025

அக்காவுக்கு,

நீ உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறாய். நான் என்ன, ஜனங்களுக்குக் கெடுதல் செய்யவா டாக்டருக்குப் படித்தேன்? நானும் அதே சந்தில் பிறந்தவன்தான். இங்கே ஆராய்ச்சி செய்கிறவர்களில் எத்தனை பேர் தாராவிக்குள் கால் வைத்திருக்கிறார்கள், கேட்டுப் பார்.

கொஞ்சம் தள்ளி நின்று யோசி. இந்தத் திட்டம் வெற்றி என்று அறிக்கை போனால் அடுத்து மூன்று நகரங்களில் தொடங்கும். பத்தாயிரம் நோயாளிகள். மூன்று வருடம் அவர்களுக்கு இலவச மருந்து, இலவச ரத்தப் பரிசோதனை. தோல்வி என்று போனால் எல்லாம் நின்றுவிடும். ஒரு ஜுவைரியாவுக்காகப் பத்தாயிரம் ஜுவைரியாக்களை விட்டுவிடச் சொல்கிறாயா?

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. லேமினேஷன் போடச் சொன்னது நான் இல்லை. நீ. பயிற்சிக் கையேட்டில் சீட்டை எந்த விதத்திலும் மாற்றக் கூடாது என்று இருக்கிறது. அது இங்கிலீஷில் இருந்தது, யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லி நீ கேட்டிருக்கலாம். நாளைக்கு விசாரணை என்று ஒன்று வந்தால் முதலில் வரும் பெயர் உன்னுடையது. உன்னைக் காப்பாற்றவும்தான் பேசாமல் இருக்கச் சொல்கிறேன்.

படிவத்தை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

ஹரி

தாராவி
3 பிப்ரவரி 2025

அன்புள்ள ஹரிக்கு,

நீ எழுதியது சரிதான். சொன்னது நான். நூற்றுக்கணக்கான வாசலில் நின்று சொன்னேன், அதுவும் பெருமையாகச் சொன்னேன், எனக்கு எல்லாம் தெரியும் என்பது போல. உன் கடிதம் வந்த அன்று சோற்றைப் பிசைந்த என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அத்தான் என்ன என்று கேட்டார், ஒன்றும் இல்லை என்றேன். விசாரணை வந்தால் என் பெயர் வரட்டும். வர வேண்டியதுதான்.

அதனால் இந்தத் தடவை சண்டை போட எழுதவில்லை. கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஜுவைரியாவின் கடைசி இன்சுலின் பாட்டில் பாதிக்கு வந்துவிட்டது. இரண்டு வேளை போட வேண்டியதை ஒரு வேளை போடுகிறாள், அதிலும் பாதி அளவு. பானைத் தண்ணீருக்குள் கிண்ணம் வைத்து அதற்குள் பாட்டிலை வைத்திருக்கிறாள், பிரிட்ஜ் கிடையாது. நேற்று விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை 431. தையல் மெஷின் பெடலை மிதிக்கும் காலில் சுண்டுவிரல் பக்கம் ஒரு கொப்புளம் இருக்கிறது. "வலியே இல்லக்கா, அது பாட்டுக்குக் கெடக்கு" என்கிறாள். சர்க்கரைக்காரர்களுக்கு வலிக்காமல் இருப்பதுதான் பயம் என்று எனக்குப் பயிற்சி கொடுத்தவன் நீ.

271 பேருக்கு வேண்டாம். எண் போட்ட சீட்டும் வேண்டாம். ஒரே ஒரு ஆளுக்கு, உன் லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதிக் கொடு, இவளை டாக்டர் பார்க்கட்டும் என்று. அதை வைத்து உன்னை யாரும் ஒன்றும் செய்துவிட மாட்டார்கள். நானும் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். உன்னிடம் நான் இதுவரை எனக்கென்று எதுவும் கேட்டதில்லை. இதை எனக்கென்று வைத்துக்கொள்.

உன் அக்கா,
கலை

செம்பூர்
7 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

லெட்டர்பேடில் எழுதினால் அது ஆபீஸ் கோப்பில் ஏறிவிடும். அதனால் அது முடியாது. ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மாட்டுங்காவில் ஒரு மருந்துக்கடையில் நானே போய் நான்கு பாட்டில் இன்சுலின் வாங்கிப் பாயிடம் கொடுத்திருக்கிறேன். மார்ச் முடிய வரும். முழு அளவு போடச் சொல். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம், எல்லாரும் கேட்டால் என்னால் முடியாது.

இப்போதாவது அந்தப் படிவம்?

உன் தம்பி,
ஹரி

தாராவி
25 பிப்ரவரி 2025

ஹரிக்கு,

நீ அனுப்பிய மருந்து வந்தது. அன்றைக்கு உன்னை மனதார வாழ்த்தினேன், அதையும் சொல்லிவிட வேண்டும். ஜுவைரியா முழு அளவு போட ஆரம்பித்தாள். மருந்துதான் வந்துவிட்டதே, இனி எதற்கு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும் என்று இருந்துவிட்டாள். ஆர்டர் வேறு குவிந்து கிடந்தது. நானும் இருந்துவிட்டேன். அவள் காலை இரண்டு வாரமாக யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

போன வியாழக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நாற்றம் அடித்தது. ஜமால் அன்று டிராம்பேயில் பார்க்கும் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று பீரோவை நகர்த்தித் தேடிக்கொண்டிருந்தான். அவள் மூலையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "ஜுவைரியா, காலத் தூக்கு" என்றேன். தூக்கினாள். சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்து, அடியில் சீழ். ஜமால் பார்த்துவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான். "வலிக்கவே இல்லக்கா, அல்லா மேல ஆணையா வலிக்கல" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஏதோ தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவள் போல.

டாக்ஸி பிடித்து ஓடினோம். வழியில்தான் ஞாபகம் வந்தது, சீட்டை எடுக்கவில்லை. அது வியாழக்கிழமை, செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. வெள்ளைக் காகிதமாகிப்போன சீட்டை வைத்து என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். பொது ஜன்னலில் போய் நின்றேன். அங்கே இருந்தவர் பெயர் என்ன, வயது என்ன, எங்கே இருக்கிறீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டார். டாக்டரைப் பார்ப்பதற்கான பத்து ரூபாய் கேஸ் பேப்பரை நீட்டினார். அரை மணி நேரத்தில் டாக்டர் முன்னால் இருந்தோம்.

சின்ன வயது டாக்டர் பெண். காலைப் பார்த்துவிட்டு, "இத்னே தின் கஹா தே ஆப் லோக்?" என்று, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று சத்தம் போட்டாள். நான் சீட்டுக் கதையைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. எந்தச் சீட்டு என்று கேட்டாள். சர்க்கரைக்காரர்கள் யார் வேண்டுமானாலும் எந்த நாளும் வரலாம், இன்சுலினும் இங்கேயே இலவசம், பல வருடமாக அப்படித்தான் என்றாள்.

திரும்பி ஜன்னலுக்குப் போய், ஜனவரியில் இதே பெண்ணை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று சண்டை பிடித்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "அம்மா, சீட்டு காட்டுறவங்க பிராஜெக்ட் ஆளு. அவங்கள இங்க எடுக்கக் கூடாது, பதினாலுக்குத்தான் அனுப்பணும்னு அந்த ஆபீஸ்லேந்து லெட்டர் கொடுத்திருக்காங்க. சீட்டே இல்லாம வந்திருந்தா நான் அன்னைக்கே பேப்பர் போட்டுக் கொடுத்திருப்பேனே." அவர் மராட்டிக்காரர், இந்தியில் சொன்னதை நான் நம் பேச்சில் எழுதுகிறேன். லெட்டரையும் காட்டினார். கீழே உன் கையெழுத்து.

எண்ணிக்கை தப்பிவிடக் கூடாது, யாரும் பொது வரிசையில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதியிருக்கிறாய், இல்லையா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியைக் கொண்டுபோய் உட்கார வைத்ததே நாம்தான். அந்த ஜனங்களை நாம் அப்படியே விட்டிருந்தால் அவர்களே போய் மருந்து வாங்கியிருப்பார்கள். வெறும் காகிதம் என்று நினைத்தேன். அது வாசலில் போட்ட பூட்டு.

வெள்ளிக்கிழமை இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தங்குமா என்று இன்னும் சொல்லவில்லை.

சனிக்கிழமையிலிருந்து வீடு வீடாகப் போய், சீட்டைத் தூக்கிப் போடுங்கள், வெறுங்கையோடு பொது ஜன்னலுக்குப் போங்கள் என்று சொல்லி வருகிறேன். நம்ப மாட்டேன் என்கிறார்கள். "முந்தி பத்திரமா வைக்கச் சொன்னிய, இப்ப தூரப் போடச் சொல்லுதிய?" என்று ஒருத்தி கேட்டாள். நானே கூட்டிக்கொண்டு போகிறேன், தினம் பத்துப் பேர், பதினைந்து பேர்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த அந்த லெட்டரைத் திரும்ப வாங்கு. அறிக்கையில் நடந்ததை எழுது: 412 பேருக்குச் சீட்டு கொடுத்தோம், 38 பேர் உள்ளே போனார்கள், மற்றவர்களைச் சீட்டே தடுத்தது. என் தப்பையும் சேர்த்து எழுது. எழுதினால் நீ என் தம்பி என்று இந்தச் சந்தில் தலை நிமிர்ந்து சொல்வேன்.

கலை

செம்பூர்
4 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

டைப் செய்து அனுப்புவதற்கு மன்னித்துக்கொள். நேரமே இல்லை.

ஜுவைரியா விஷயம் மிகவும் வருத்தமாக இருந்தது. ஷாலினி அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த லெட்டரை நேற்றே திரும்பப் பெற்றுவிட்டேன். திட்டம் முடிந்துவிட்டதால் இனி அதற்கு அவசியமும் இல்லை. ஆகவே நீ கேட்டதில் ஒன்றைச் செய்துவிட்டேன்.

மற்றது கைமீறிவிட்டது. நிதி கொடுப்பவர்கள் முன்கூட்டியே கேட்டதால் அறிக்கை பிப்ரவரி 28 அன்றே போய்விட்டது. உன் கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதே. போன காலாண்டுப் படிவத்தில் நீ போட்டது ஸ்கேன் செய்து வைத்திருந்தது. ஆபீஸில் அதையே சேர்த்துக்கொண்டார்கள். இது வழக்கமாக நடப்பதுதான். உனக்கு ஒரு சிக்கலும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. மூன்று நகரத் திட்டம் கிட்டத்தட்ட உறுதி. உன் அனுபவத்திலிருந்து பாடம் கற்றுக்கொண்டோம். இந்தத் தடவை சீட்டை நாங்களே லேமினேஷன் போட்டுக் கொடுக்கப் போகிறோம், முத்திரைக்கு மட்டும் ஓர் இடம் விட்டு. அந்த யோசனை உன்னால் வந்தது என்று மீட்டிங்கில் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். காட்கோபர் பகுதிக்கு உன்னையே தலைமை மேற்பார்வையாளராகப் போடச் சொல்லியிருக்கிறேன். அத்தானிடம் சொல், சந்தோஷப்படுவார்.

உன் தம்பி,
ஹரி

தாராவி
12 மார்ச் 2025

ஹரி,

உன் டைப் அடித்த காகிதம் கிடைத்தது. கை தட்டினார்கள் என்ற இடத்துக்கு வந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் மீதியைப் படிக்க முடிந்தது. அத்தானிடமும் படித்துக் காட்டினேன். நீ சொன்னபடி அவர் சந்தோஷப்படவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜுவைரியாவின் பாதத்தையும் வியாழக்கிழமை எடுத்துவிட்டார்கள். கணுக்காலுக்கு மேலே. மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, இடது காலால் பெடல் மிதிக்கப் பழகலாமா என்பதுதான். பழகலாம் என்றேன். மற்றவர்களில் இருநூற்றுக்கு மேற்பட்டவர்கள் இதுவரை பொது ஜன்னலில் பேப்பர் போட்டு மருந்து வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கு என்னை விட்டால் வேறு ஆள் தேவைப்படவில்லை, எனக்கும் இரண்டு கால் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. இதைத்தான் நீ மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தாய்.

முதுகுக்குப் பின்னால் செய்வது எனக்குப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை செம்பூருக்கு வந்திருந்தேன். உன் மாடிக்கு வரவில்லை. கீழே நெறிமுறைக் குழு ஆபீஸுக்குப் போனேன். நோயாளிகளுக்கு ஏதாவது கெடுதல் நடந்தால் அங்கே சொல்லலாம் என்று, நான் வாசல்தோறும் படித்துக் காட்டிய ஒப்புதல் படிவத்தில்தான் எழுதியிருக்கிறது. வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு, ஜுவைரியாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள், நீ ஜன்னலுக்கு எழுதிய லெட்டரை அன்றே நான் போனில் எடுத்து வைத்திருந்த படம், நீ எனக்கு எழுதிய கடிதங்கள், எல்லாவற்றையும் கொடுத்தேன். லேமினேஷன் போடச் சொன்னது நான் என்பதை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.

அங்கே இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தை எடுத்துக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். என்னுடையதுதான், ஆனால் இந்தக் காகிதத்தில் நான் போடவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு புகார்ப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. புகார் செய்யப்படுபவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாளிடம், சொந்தக்காரர் என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். குடும்பச் சண்டை என்று சொல்லிக் குழுவில் சிலர் இதை எடுக்காமலே விட்டுவிடலாம் என்றார். வேலைக்குச் சேர்த்த அன்று, ஆபீஸில் அக்கா என்று காட்டிக்கொள்ள வேண்டாம் என்று நீ சொன்னாய். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். திங்கட்கிழமை எனக்கு அழுகை வரவில்லை. உன் கடிதங்களில் 'அக்கா', 'தம்பி' என்று இருக்கிறதே என்று அவர் கேட்டார். தாராவியில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சொன்னேன்.

கட்டத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை நானே போட்டேன்.

கலைச்செல்வி சுடலைக்கண்ணன்